ஆஷூரா நாள்: நடந்தவையும் நடந்ததாகச் சொல்லப்படுபவையும்

முஹர்ரம் பிறை தென்பட்டதும் நம் கைப்பேசிகளுக்கு ஒரு பட்டியல் வந்து சேரும். ஆதம் (அலை) அவர்களின் தவ்பா ஏற்கப்பட்டது, நூஹ் (அலை) அவர்களின் கப்பல் கரை சேர்ந்தது, இப்ராஹீம் (அலை) அவர்கள் நெருப்பிலிருந்து காப்பாற்றப்பட்டார்கள், யூனுஸ் (அலை) அவர்கள் மீன் வயிற்றிலிருந்து வெளிவந்தார்கள், அய்யூப் (அலை) அவர்களின் நோய் தீர்ந்தது, ஈஸா (அலை) அவர்கள் உயர்த்தப்பட்டார்கள் என்று அது நீண்டுகொண்டே போகும். இவை அனைத்தும் முஹர்ரம் பத்தாம் நாளில்தான் நடந்தன என்று முடியும். பிறருக்கும் அனுப்பி நன்மையைப் பெறுங்கள் என்ற வேண்டுகோள் கடைசி வரியில் இருக்கும்.

அனுப்புகிறவரின் எண்ணம் நல்லதுதான். ஆனால் இந்தப் பட்டியலில் எது உறுதியானது, எது பலவீனமானது, எது யாரோ ஒருவர் புனைந்தது என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் குறைந்துவிட்டது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் அடுத்த நிமிடமே தேடிப் பார்க்கிறார்கள். நாம் சொன்னதில் ஒன்று புனைகதை என்று தெரிந்தால், அதோடு சேர்த்துச் சொன்ன உண்மையையும் அவர்கள் சந்தேகிப்பார்கள். எனவே இந்த ஒரு நாளைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தவை என்ன என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஆஷூரா என்றால் என்ன?

அரபியில் 'அஷ்ர்' என்றால் பத்து. அதிலிருந்து வந்த சொல்லே ஆஷூரா. முஹர்ரம் மாதத்தின் பத்தாம் நாளை அது குறிக்கிறது. மாதங்கள் பன்னிரண்டு, அவற்றுள் நான்கு புனிதமானவை என்று அல்லாஹ் திருக்குர்ஆனின் ஒன்பதாவது அத்தியாயத்தில் அறிவிக்கிறான். துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப் ஆகியவையே அந்த நான்கு.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. முஹர்ரம் முதல் நாளில் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஹிஜ்ரத் நடந்தது ரபீஉல் அவ்வல் மாதத்தில். ஆண்டுக்கணக்கை ஹிஜ்ரத்திலிருந்து தொடங்குவது என்ற முடிவு, உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில், நபித்தோழர்களைக் கலந்தாலோசித்து எடுக்கப்பட்டது. ஆண்டின் முதல் மாதமாக முஹர்ரமை வைத்துக்கொண்டார்கள். ஹஜ் முடிந்து மக்கள் ஊர் திரும்பும் மாதம் அது. ஆகவே முஹர்ரம் முதல் நாள் நம் ஆண்டுக்கணக்கின் தொடக்கம். ஹிஜ்ரத் நடந்த நாள் அன்று.

நம் ஆண்டு சந்திரனை வைத்துக் கணக்கிடப்படுவது. அதற்கு ஏறக்குறைய 354 நாள்கள். சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள்கள் குறைவு. அதனால் ஆஷூரா ஒவ்வொரு வருடமும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். நமக்கு அது சில வருடங்கள் கத்திரி வெயிலிலும் சில வருடங்கள் அடைமழையிலும் வரும்.

மூஸா (அலை) அவர்களின் நாள்

ஆஷூராவில் நடந்ததாக மிக உறுதியான ஆதாரத்துடன் நமக்குக் கிடைப்பது மூஸா (அலை) அவர்களின் வரலாறு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்கிருந்த யூதர்கள் ஆஷூரா அன்று நோன்பு நோற்பதைக் கண்டார்கள். காரணம் கேட்டார்கள். இது அல்லாஹ் இஸ்ரவேலர்களை அவர்களின் பகைவனிடமிருந்து காப்பாற்றிய நாள், அதற்காக மூஸா நோன்பு நோற்றார் என்று அவர்கள் பதில் கூறினர். மூஸாவுக்கு நாங்களே அதிக உரிமை உடையவர்கள் என்று சொல்லி நபியவர்கள் தாமும் நோன்பு நோற்றார்கள், மக்களையும் நோற்கச் சொன்னார்கள்.

ஒரு கொடுங்கோலன். ஆண் குழந்தைகளைக் கொன்று, பெண் குழந்தைகளை விட்டுவைத்து, ஒரு சமுதாயத்தையே அடிமையாக்கி வைத்திருந்தவன். பின்னால் அவன் படை, முன்னால் கடல். இனி வழியில்லை என்று உடனிருந்தவர்கள் கலங்கிய நேரத்தில், என் இறைவன் என்னோடு இருக்கிறான், அவன் எனக்கு வழிகாட்டுவான் என்று மூஸா (அலை) அவர்கள் உறுதியாக நின்றதைக் குர்ஆனின் 26ஆவது அத்தியாயம் சொல்கிறது. கடல் பிளந்து வழி கிடைத்தது. அந்த விடுதலைக்கு அவர்கள் செலுத்திய நன்றி, ஒருநாள் உண்ணாமல் பருகாமல் இருந்தது. வெற்றி விழாவுக்குப் பதிலாக நோன்பு! இந்த நாளின் மையக்கருத்து இதுதான்.

இந்த ஹதீஸைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. நபியவர்கள் மதீனா வந்தது ரபீஉல் அவ்வல் மாதத்தில். அப்படியானால் வந்தவுடன் முஹர்ரம் நோன்பை எப்படிக் கண்டிருக்க முடியும்? இக்கேள்வியை நம் முன்னோர் ஒதுக்கிவிடவில்லை. புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (மறைவு ஹிஜ்ரி 852) இதை எடுத்து ஆராய்கிறார். வந்த நாளிலேயே கண்டார்கள் என்பது ஹதீஸின் பொருளல்ல. மதீனாவில் குடியேறிய பின் வந்த ஆஷூராவில் அறிந்துகொண்டார்கள் என்பது ஒரு விளக்கம். யூதர்கள் சூரிய ஆண்டையும் சேர்த்துக் கணக்கிட்டதால் அவர்களின் ஆஷூரா அந்த வருடம் அப்போது வந்திருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம்.

யூத நாள்காட்டி சந்திர மாதங்களைக் கொண்டதுதான். ஆனால் பருவம் மாறிவிடாமலிருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அவர்களின் திஷ்ரி மாதம் பத்தாம் நாள் 'யோம் கிப்பூர்' எனப்படும் பாவமன்னிப்பு நோன்பு நாள். அது எப்போதும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களையொட்டியே வரும். நம் ஆஷூராவோ நகர்ந்துகொண்டே இருப்பது. இரண்டும் எப்போதாவது ஒன்றாகச் சந்திக்கும். 2016ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று நம் நாட்டில் ஆஷூரா. அதே நாள்தான் யோம் கிப்பூரும்.

மக்காவில் ஆஷூரா

ஆஷூரா நோன்பு மதீனாவில் புதிதாகத் தொடங்கியது அன்று. அறியாமைக் காலத்திலேயே குறைஷிகள் இந்நாளில் நோன்பு நோற்று வந்தனர் என்றும், நபியவர்களும் மக்காவில் இருக்கும்போதே நோற்றார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கஅபாவுக்குத் திரை போர்த்தப்படும் நாளாகவும் அது இருந்தது என்பது அவர்கள் தரும் இன்னொரு தகவல். இதுவும் புகாரியில் உள்ளது. பிற்காலத்தில் கஅபாவின் கிஸ்வாவை மாற்றும் நாள் மாறியது. நீண்ட காலம் அரஃபா நாளில் மாற்றினார்கள். 2022 முதல் முஹர்ரம் முதல் நாளில் மாற்றுகிறார்கள்.

மதீனாவில் ஒரு காலைப்பொழுது

மதீனாவில் நோற்கப்பட்ட முதல் ஆஷூராவை நபித்தோழர்களின் நினைவுகள் நமக்குப் படம்பிடித்துக் காட்டுகின்றன. அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ஒருவரை நபியவர்கள் அறிவிப்பாளராக அனுப்பினார்கள். இதுவரை சாப்பிடாதவர் நோன்பு வையுங்கள், சாப்பிட்டுவிட்டவர் மீதிப் பொழுதை நோன்பாகக் கழியுங்கள் என்பது அறிவிப்பு. அன்சாரிகள் வாழ்ந்த ஊர்ப்புறங்களுக்கும் இச்செய்தி போனது.

அதன்பின் ஒவ்வோர் ஆஷூராவிலும் தாங்கள் என்ன செய்தோம் என்பதை அன்சாரிப் பெண்மணி ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) சொல்கிறார். பெரியவர்கள் நோற்றதோடு தங்கள் சிறுவர்களையும் நோற்கச் செய்தார்கள். கம்பளி ரோமத்தால் விளையாட்டுப் பொம்மைகள் செய்து வைத்துக்கொண்டார்கள். பிள்ளை பசித்து அழுதால் அந்தப் பொம்மையைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை கவனத்தைத் திருப்பினார்கள்.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தாயின் சமயோசிதம் இது. பிள்ளைக்கு வணக்கத்தைப் பழக்க அவள் அதட்டவில்லை, பயமுறுத்தவில்லை. ஆஷூராவைப் பற்றி வீட்டில் ஒரே ஒரு செய்தி சொல்ல நேரம் இருக்கிறது என்றால், நம் உம்மாமார்கள் இந்தச் செய்தியைச் சொல்லட்டும். பட்டியலில் வரும் எதுவும் இதற்கு ஈடாகாது.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் ரமளான் நோன்பு கடமையாக்கப்பட்டது. அதன்பிறகு ஆஷூரா நோன்பு விரும்பியவர் நோற்கலாம் என்ற நிலைக்கு வந்தது. தேதிகளை வைத்துப் பார்த்தால், நபியவர்கள் வந்தது முதலாம் ஆண்டு ரபீஉல் அவ்வலில். அடுத்த முஹர்ரம் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில். அதே ஆண்டில் ரமளான் கடமையாகிவிட்டது. ஆகவே ஆஷூரா நோன்பு கட்டளையாக இருந்தது ஒரே ஒரு வருடம்தான். அந்த ஒரு வருடம் அது கடமையாகவே இருந்தது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. கடமையாக இருந்ததில்லை, வலியுறுத்தப்பட்ட சுன்னத்தாகவே இருந்தது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான கருத்து. இன்று அது சுன்னத் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை.

அந்நோன்பு கடந்த ஓர் ஆண்டின் பாவங்களுக்குப் பரிகாரமாகும் என்று நபியவர்கள் ஆதரவு வைத்ததை அபூ கத்தாதா (ரலி) வழியாக முஸ்லிம் நூல் பதிவு செய்கிறது. இது சிறு பாவங்களைக் குறிக்கும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் விளக்கம். வரும் வருடம் ஒன்பதாம் நாளும் நோற்பேன் என்று நபியவர்கள் கூறியதும், அடுத்த ஆண்டு வருமுன் அவர்கள் மறைந்துவிட்டதும் அதே நூலில் உள்ளன. அதனால்தான் நாம் ஒன்பதையும் பத்தையும் சேர்த்து நோற்கிறோம்.

பட்டியல் எங்கிருந்து வந்தது?

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி மற்றவற்றுக்கு வருவோம்.

நூஹ் (அலை) அவர்களின் கப்பல் ஜூதி மலையில் தங்கியது குர்ஆனில் உள்ள செய்தி. ஆனால் அது ஆஷூரா நாளில் நடந்தது என்று குர்ஆன் சொல்லவில்லை. முஸ்னத் அஹ்மதில் ஓர் அறிவிப்பு அவ்வாறு சொல்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. எனவே இதை உறுதியான செய்தியாக மேடையில் சொல்ல முடியாது.

மீதமுள்ள நீண்ட பட்டியலின் நிலை இன்னும் மோசம். வானம், பூமி, எழுதுகோல், பலகை அனைத்தும் ஆஷூராவில் படைக்கப்பட்டன, பல நபிமார்களின் வாழ்வில் முக்கிய நிகழ்வுகள் அன்றுதான் நடந்தன, நபி (ஸல்) அவர்கள் பிறந்ததும் அன்றுதான் என்று சொல்லும் அறிவிப்பை பக்தாத் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி (மறைவு ஹிஜ்ரி 597) தம் 'அல்மவ்ளூஆத்' நூலில் சேர்த்திருக்கிறார். இட்டுக்கட்டப்பட்ட செய்திகளை அடையாளம் காட்டவே எழுதப்பட்ட நூல் அது.

இதைப் பொய் என்று அறிய அறிவிப்பாளர் கலை தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வானங்களையும் பூமியையும் ஆறு நாள்களில் படைத்ததாக அல்லாஹ் குர்ஆனில் பல இடங்களில் கூறுகிறான். அவற்றை ஒரே தேதிக்குள் எப்படி அடைப்பது? நபியவர்கள் பிறந்தது ரபீஉல் அவ்வலில் என்பது மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் முஹர்ரமில் எப்படிப் பிறந்திருப்பார்கள்?

இப்னுல் ஜவ்ஸி மேடைப் பேச்சை அறியாதவர் அல்லர். பக்தாதில் பெருங்கூட்டம் கூடிக் கேட்ட பேச்சாளர் அவர். மேடைக் கதைசொல்லிகளைப் பற்றியே தனி நூல் எழுதியவர். மக்களின் மனம் உருக வேண்டும் என்ற ஆசையே பல புனைவுகளுக்குக் காரணம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாளுக்குச் சிறப்பு இருக்கிறது என்றால், அதை இன்னும் பெரிதாக்கிக் காட்டினால் என்ன தவறு என்று கதைசொல்லி நினைக்கிறார். அந்த நாளுக்கு அல்லாஹ்வும் ரசூலும் கொடுத்த சிறப்பு போதவில்லை என்று சொல்வதாக அது ஆகிவிடுவதை அவர் யோசிப்பதில்லை.

ஆஷூரா அன்று சுர்மா இட்டால் கண்நோய் வராது என்ற செய்தியும் இட்டுக்கட்டப்பட்டதே. அன்று குடும்பத்தாருக்குத் தாராளமாகச் செலவு செய்தால் ஆண்டு முழுதும் அல்லாஹ் தாராளமாக்குவான் என்ற செய்தியில் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அஹ்மத் அதை ஏற்கவில்லை. பல வழிகளில் வருவதால் ஒன்றுக்கொன்று வலுச் சேர்க்கிறது என்று இமாம் பைஹகீ கருதினார்கள். குடும்பத்துக்குச் செலவு செய்வது எந்நாளும் நன்மைதான். அதைச் செய்ய இந்த ஒரு செய்தி தேவையில்லை. செய்கிறவரைக் கண்டிக்கவும் தேவையில்லை.

தேதியைக் கொண்டு பொய்யைப் பிடித்தவர்கள்

தேதியைச் சரிபார்ப்பது நவீன கால வரலாற்றுத் துறை கற்றுத்தந்த பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஹதீஸ் கலை வல்லுநர்களின் கையில் அது பழைய ஆயுதம். பொய்யர்கள் பொய் சொல்லத் தொடங்கியபோது நாங்கள் வருடக்கணக்கை எடுத்தோம் என்ற பொருளில் ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ அவர்கள் கூறியதாக நூல்களில் வருகிறது. ஓர் ஆசிரியரிடம் கேட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த வருடம் பிறந்தார், ஆசிரியர் எந்த வருடம் இறந்தார் என்று பார்ப்பார்கள். பொய் தானாக வெளிவந்துவிடும்.

இதற்குப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் ஓர் ஆவணம் வெளிவந்தது. கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரியை நபியவர்கள் தள்ளுபடி செய்ததாக அதில் எழுதியிருந்தது. நபித்தோழர்களின் சாட்சியமும் இருந்தது. அமைச்சர் அதை வரலாற்றாசிரியரும் ஹதீஸ் அறிஞருமான கதீப் அல்பக்தாதீ (மறைவு ஹிஜ்ரி 463) அவர்களிடம் காட்டினார். பார்த்தவுடன் அவர் போலி என்றார். எப்படி என்று கேட்டபோது, சாட்சிகளில் முஆவியா (ரலி) பெயர் இருக்கிறது, அவர் இஸ்லாத்தை ஏற்றது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். கைபர் வெல்லப்பட்டதோ ஹிஜ்ரி 7இல் என்றார். ஸஅத் பின் முஆத் (ரலி) பெயரும் இருக்கிறது, அவர் அகழ்ப்போருக்குப் பின் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார் என்றார். இரண்டு தேதிகள் ஓர் ஆவணத்தையே சாய்த்துவிட்டன.

அந்த அறிஞர்களின் வழிவந்த நாம், கைப்பேசியில் வந்ததை ஒரு நொடிகூட யோசிக்காமல் அடுத்தவருக்கு அனுப்புகிறோம். கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையிலேயே இருக்கிறது.

கர்பலா

ஆஷூராவில் நடந்தது பற்றிய பேச்சில் ஒருபோதும் விட்டுவிட முடியாத இன்னொரு நிகழ்வு உண்டு. அதை உறுதிப்படுத்த யாரும் எதையும் புனையத் தேவையில்லை. ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10. கிறிஸ்தவ ஆண்டில் 680, அக்டோபர் 10. நபி (ஸல்) அவர்களின் பேரர் ஹுசைன் (ரலி) அவர்கள் இராக்கின் கர்பலாவில் ஷஹீதாக்கப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது 56.

ஹிஜ்ரி 60, ரஜப் மாதத்தில் முஆவியா (ரலி) மறைந்தபின் அவருடைய மகன் யஸீத் ஆட்சிக்கு வந்தார். ஹுசைன் (ரலி) அவர்கள் அவருக்கு பைஅத் செய்யாமல் மதீனாவிலிருந்து மக்கா சென்றார்கள். கூஃபா மக்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி அழைத்தனர். நிலைமையை அறிந்துவரத் தம் பெரிய தந்தையின் மகன் முஸ்லிம் பின் அகீலை அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கானோர் அவரிடம் உறுதிமொழி கொடுத்தனர். புதிய ஆளுநராக உபைதுல்லாஹ் பின் ஸியாத் வந்து மிரட்டியதும் அத்தனை பேரும் கலைந்தனர். முஸ்லிம் பின் அகீல் கொல்லப்பட்டார். அச்செய்தி தெரியாமல் ஹுசைன் (ரலி) அவர்கள் மக்காவிலிருந்து புறப்பட்டிருந்தார்கள். போக வேண்டாம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) போன்றோர் தடுத்துப் பார்த்தும், எழுதி அழைத்தவர்களின் பேச்சை நம்பிக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள்.

முஹர்ரம் தொடக்கத்தில் கர்பலாவில் வழி மறிக்கப்பட்டது. எதிரே சுமார் 4,000 பேர் கொண்ட படை. இந்தப் பக்கம் போரிடக்கூடியவர்கள் ஏறத்தாழ 72 பேர். யூப்ரடீஸ் நதி பக்கத்தில் ஓடியும் தண்ணீர் தடுக்கப்பட்டது. எதிர்ப்படையின் தளபதி உமர் பின் ஸஅத் யார் தெரியுமா? சொர்க்கம் என நன்மாராயம் கூறப்பட்ட பத்துத் தோழர்களில் ஒருவரான ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் மகன். முதலில் வழிமறித்த படைப்பிரிவின் தலைவர் ஹுர்ரு பின் யஸீதோ, பத்தாம் நாள் காலையில் மனம் மாறி ஹுசைன் (ரலி) அவர்களின் பக்கம் வந்து உயிர் கொடுத்தார். நல்லவரின் மகன் என்ற பெயர் ஒருவரைக் காப்பாற்றவில்லை. கடைசி நேரத்தில் திரும்பிய மனசாட்சி இன்னொருவரைக் காப்பாற்றியது.

அன்று நோயுற்றுக் கூடாரத்தில் படுத்திருந்த மகன் அலீ ஸைனுல் ஆபிதீன் உயிர் தப்பினார். பெண்களும் குழந்தைகளும் கூஃபாவுக்கும் பின்னர் திமிஷ்குக்கும் கொண்டுசெல்லப்பட்டு, இறுதியில் மதீனா திரும்பினர்.

பிறகு ஒருநாள் இராக்வாசி ஒருவர் இப்னு உமர் (ரலி) அவர்களிடம், இஹ்ராம் அணிந்தவர் ஈயைக் கொன்றால் என்ன சட்டம் என்று கேட்டார். அல்லாஹ்வின் தூதருடைய மகளின் மகனைக் கொன்றவர்கள் ஈயைப் பற்றிச் சட்டம் கேட்கிறார்கள் என்று அவர்கள் வேதனைப்பட்டார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. சிறிய விஷயங்களில் பேணுதலும் பெரிய விஷயங்களில் அலட்சியமும் ஒரே சமுதாயத்தில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று வேண்டியதில்லை.

ஒரே நாள், பல முகங்கள்

கர்பலாவுக்குப் பின் இந்த ஒரு தேதியை ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாக ஆக்கிக்கொண்டார்கள். ஹிஜ்ரி 352இல் பக்தாதை ஆண்ட புவைஹித் தலைவர் முஇஸ்ஸுத் தவ்லா, ஆஷூரா அன்று கடைகளை அடைத்துத் துக்கம் கொண்டாட ஆணையிட்டார். எகிப்தில் ஃபாத்திமியர் ஆட்சியில் அது துக்க நாள். அவர்களுக்குப் பின் வந்த அய்யூபியர் காலத்தில் இனிப்பும் விருந்தும் சுர்மாவுமாக மகிழ்ச்சி நாள் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். ஆட்சி மாறியதும் நாளின் நிறமும் மாறியது. வரலாற்றாசிரியர் இப்னு கஸீர் (மறைவு ஹிஜ்ரி 774) ஹிஜ்ரி 61ஆம் ஆண்டின் நிகழ்வுகளை எழுதும்போது இந்த இரு போக்கையும் கண்டிக்கிறார். ஹுசைன் (ரலி) அவர்களின் கொலைக்காக ஒவ்வொரு முஸ்லிமும் வருந்த வேண்டும் என்பவர், துக்கத்தை ஆண்டுச் சடங்காக்குவதை ஏற்கவில்லை. அந்நாளைப் பெருநாளாக்கிப் பகையைத் தீர்த்துக்கொள்வதையும் ஏற்கவில்லை.

அண்மைக் காலத்திலும் இந்தத் தேதி அமைதியாக இருந்ததில்லை. 1978 டிசம்பர் 11, ஆஷூரா அன்று ஈரானில் மன்னர் ஷாவுக்கு எதிராகப் பெருந்திரளான மக்கள் வீதியில் இறங்கினர். இரண்டே மாதங்களில் முடியாட்சி வீழ்ந்தது. 2004 மார்ச் 2, ஆஷூரா அன்று கர்பலாவிலும் பக்தாதின் காழிமிய்யாவிலும் குண்டுகள் வெடித்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நம் மண்ணிலும் இந்த நாளுக்கு நீண்ட கதை உண்டு. சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலுக்கு அப்பெயர் வந்ததே முஹர்ரம் கூட்டங்களுக்காக அங்கே ஏற்றப்பட்ட விளக்குகளால்தான் என்பார்கள். தஞ்சை வட்டாரக் கிராமங்களில் இந்துச் சகோதரர்கள் பஞ்சா எடுத்து, தீ மிதித்து 'அல்லாசாமி' விழா என்று கொண்டாடும் வழக்கம் இருக்கிறது. இவை மார்க்கத்தின் பகுதி அல்ல என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு. அதே நேரத்தில் எந்தப் பகையும் இன்றி ஓர் ஊரே ஹுசைன் பெயரை நினைத்துக்கொண்டிருப்பதை ஏளனம் செய்வதும் அழகன்று.

வீட்டில் என்ன சொல்வது?

அரசு விடுமுறைப் பட்டியலில் 'மொஹரம்' என்று இருப்பதைப் பார்த்து, பள்ளியில் நண்பர்கள் "ஹேப்பி மொஹரம்" என்பார்கள். இது சந்தோஷ நாளா, துக்க நாளா என்று பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்கும். இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மூஸா நபியை அல்லாஹ் காப்பாற்றிய நாள், அதற்கு நன்றியாக நோன்பு வைக்கிறோம். நம் நபியின் பேரர் அநியாயமாகக் கொல்லப்பட்ட நாளும் அதுவே, அதை நினைத்து வருந்துகிறோம், அவருக்காக துஆச் செய்கிறோம்.

பிள்ளை இன்னொரு கேள்வியும் கேட்கக்கூடும். மூஸா நபியைக் காப்பாற்றிய அல்லாஹ் ஹுசைனை ஏன் காப்பாற்றவில்லை? கேட்கட்டும், தடுக்காதீர்கள். நியாயத்தின் பக்கம் நிற்பவருக்குச் சில சமயம் கடல் பிளக்கும், சில சமயம் பக்கத்திலுள்ள நதித் தண்ணீர்கூடக் கிடைக்காது. இரண்டு பேரும் நின்றது ஒரே பக்கத்தில். ஃபிர்அவ்ன் தோற்றதால் மூஸா (அலை) உண்மையாளர் ஆகவில்லை. உயிர் போனதால் ஹுசைன் (ரலி) தோற்றவர் ஆகவில்லை. சொர்க்கத்து வாலிபர்களின் தலைவர்கள் என்று நபியவர்கள் நன்மாராயம் சொன்ன இருவரில் ஒருவர் அவர். ஒரே தேதியில் இந்த இரண்டு வரலாறும் அமைந்திருப்பதால், வெற்றியை வைத்து உண்மையை அளக்கக் கூடாது என்ற பாடத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

அடுத்த முஹர்ரமில் அந்தப் பட்டியல் மீண்டும் வரும். யார் அனுப்பினாலும் அவரிடம் சண்டை வேண்டாம். மென்மையாக, இது எந்த நூலில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஒன்பதும் பத்தும் நோன்பு வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை நானும் வைக்கிறேன் என்று அடம்பிடித்தால், பசிக்கும்போது கையில் கொடுக்க ஒரு விளையாட்டுப் பொருளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையை அறிந்து, அதையே எடுத்துச் சொல்லும் நன்மக்களாக அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்குவானாக. ஆமீன்.